அடிக்கு ஒன்றரை நூல்

பழைய இரும்புக் கடையில் தராசுக்குக் கீழே அந்தச் சாக்கு மூட்டை கிடந்தது. ராஜபாளையத்தில் இந்த மாதிரிக் கடைகளில் பாதிச் சரக்கு மில்லில் கழித்துப் போட்டதாகத்தான் இருக்கும். பல் தேய்ந்த சக்கரம், பேரிங், பெல்ட் துண்டு, நசுங்கிய கேன். மூட்டைக்குள் இருந்தவை மர பாபின்கள். பிளாஸ்டிக் வந்த பிறகு அவற்றுக்கு மில்லில் வேலை இல்லை. மழைக்கால அடுப்புக்கு யாராவது வாங்கிப் போனால் உண்டு. "விறகு விலைதான் சார், எடுத்துக்கங்க" என்றார் கடைக்காரர். ஒன்றைக் கையில் எடுத்து, பல வருஷத்து எண்ணெய் அழுக்கை நகத்தால் சுரண்டினேன். உள்ளே மஞ்சள் தெரிந்தது. மஞ்சக்கடம்பு.

மஞ்சக்கடம்பு பிடிவாதம் இல்லாத மரம். இழை நெருக்கமாக இருக்கும், சிம்பு எழும்பாது. பஞ்சும் நூலும் உரசி ஓடுகிற இடத்தில் ஒரு சிம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் இழை அறுந்துவிடும். அதனால்தான் பாபினுக்கு இந்த மரத்தைப் பிடித்தார்கள். நூலை அறுக்காத மரத்தில் பொடிப் பலகை சீவலாமே என்று தோன்றியது. 4 கிலோ போடச் சொன்னேன். அந்த நாலு கிலோ விறகு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதை.

நான் ஒரு நூற்பாலையின் டெஸ்டிங் லேபில் காலம் முழுக்க நூல் நம்பர் பார்த்து ஓய்ந்தவன். மேற்கே மலை, கிழக்கே கரிசல். கடல் என்றால் வருஷத்துக்கொருமுறை திருச்செந்தூர். அப்படிப்பட்டவனுக்குப் பாய்மரப் பந்தயப் படகின் மேல் எப்படி ஆசை வந்தது என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான் காரணம். சாய்ந்து ஓடும் படகு, அதன் மேல் வானத்தை மறைக்கும் ஒரு முக்கோணத் துணி. துணி அவ்வளவு பெரிதாக இருக்கும்போது எந்த நூல்காரனும் பக்கத்தைத் திருப்ப மாட்டான். படகின் பெயர் ஷாம்ராக் 5. இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் கேம்பர் அண்ட் நிக்கல்சன்ஸ் பட்டறையில், சார்லஸ் நிக்கல்சன் வரைந்து கொடுத்தபடி கட்டி, 1930 ஏப்ரலில் தண்ணீரில் இறக்கினார்கள். அதே ஏப்ரலில்தான் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்துகொண்டிருந்தார்.

அந்தப் படகை மாடலாகச் செய்வது என்று முடிவு செய்தேன். லண்டனில் இருக்கும் அக்கா மகன் வரைபடத்தை வாங்கி அனுப்பினான். மதுரையில் வீட்டு பிளான் அச்சடிக்கிற கடையில் கொடுத்துப் பெரிதாக்கினேன். இனி அளவுக் கணக்கு. நிஜத்தில் ஓர் அடி, மாடலில் ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. அறுபத்து நாலில் ஒன்று. இதை அப்படியே, ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்காகப் பிடித்திருந்த தச்சரிடம் சொன்னபோது, அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் ஒரு கோடு போட்டார்.

"அடிக்கு ஒன்றரை நூல்னு சொல்லுங்க சார். எதுக்குச் சுத்தி வளைக்கீங்க?"

தச்சு வேலையில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. பிறந்ததிலிருந்து நூலோடு கிடந்தவனுக்கு இந்த நூல் மறந்து போயிருந்தது. படகின் நீளம் ஏறத்தாழ 120 அடி. ஆக 180 நூல், இருபத்திரண்டரை அங்குலம். அகலம் 20 அடிக்குச் சற்றுக் குறைவு: 30 நூல். பாய்மரம் 150 அடிக்கு மேல்: 28 அங்குலத்தைத் தாண்டும். பாய்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 7,500 சதுர அடி, அதாவது 17 சென்ட். எங்கள் தெருவில் 17 சென்ட் மனை வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. அந்த 17 சென்ட்டும் மாடலில் 2 சதுர அடிக்குள் அடங்கிவிடும். நீளம் அறுபத்து நாலில் ஒன்றானால் பரப்பு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறில் ஒன்றாகிவிடுமே.

தச்சர் ஆடிப்பூரத் தேர் வேலைக்குப் போய் வந்த குடும்பம். அந்தத் தேரின் சக்கரத்துக்கு முன்னால் நின்று வளர்ந்தவருக்கு இருபத்திரண்டு அங்குலப் பொருள் விளையாட்டுச் சாமான்தான். ஆனாலும் வரைபடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணாச்சி, இது முன்பக்கம்" என்று ஆரம்பித்தேன். "தெரியுது, மூக்கு. அது வால்" என்றார். தூத்துக்குடித் தோணிக்காரர்கள் மூக்கை அணியம் என்றும் வாலை அமரம் என்றும் சொல்வார்கள். அடியில் ஓடும் முதுகெலும்புக் கட்டை ஏரா, குறுக்கே வளைந்து ஏறும் சட்டங்கள் வங்கு. நான் படித்து வைத்திருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் தலையாட்டிவிட்டு விலா, மூக்கு, வால் என்றே கடைசி வரை சொன்னார். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளுக்கு அவர் வைத்த பெயர் வடம். கடல் பார்க்காத ஊரில் கட்டும் படகு. அந்த ஊர்ச் சொல்லிலேயே கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெயரைப் பற்றியும் கேட்டார். ஷாம்ராக் என்றால் அயர்லாந்தில் மூன்று இலை சேர்ந்திருக்கும் ஒரு சின்னச் செடி, அந்த நாட்டுக்கு அது அடையாளம் என்றேன். "நம்ம புளியாரைக் கீரை மாதிரியா?" ஆமாம், அதேதான், மூன்று இலை. அன்றிலிருந்து பட்டறையில் அதன் பெயர் புளியாரை. ஐந்து எதற்கு என்றும் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கு முன் நாலு புளியாரை கட்டி நாலும் தோற்றுப் போயிற்று என்றதும், வேலை செய்துகொண்டிருந்த பையன் சத்தம் போட்டுச் சிரித்தான்.

வரைபடத்தில் தச்சரை உறுத்தியது வேறொன்று. மூக்கும் வாலும் தண்ணீருக்கு மேலே இவ்வளவு தூரம் எதற்குத் தொங்குகின்றன? வீட்டுக்குச் சன்ஷேடு மாதிரி வீண் செலவாக அவருக்குப் பட்டது. விஷயம் இதுதான். இந்தப் பந்தயப் படகுகளுக்கு அமெரிக்காவின் நத்தானியேல் ஹெரஷாஃப் ஒரு சூத்திரம் எழுதி வைத்திருந்தார். நீர்மட்டத்தில் படகின் நீளம், பாயின் பரப்பு, படகு ஒதுக்கும் தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வரும் எண் 76 அடிக்குள் நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஜே வகுப்பு. ஷாம்ராக் 5 துறையில் நிமிர்ந்து நிற்கும்போது நீர்மட்ட நீளம் சுமார் 81 அடிதான். காற்று அடித்துச் சாய்ந்தால் தொங்கும் மூக்கும் வாலும் தண்ணீரில் படியும், நீளம் கூடும். நீளம் கூடினால் வேகமும் கூடும். அளக்க வருகிறவர் நிமிர்ந்து நிற்கும்போது அளப்பார், படகு ஓடுவதோ சாய்ந்து.

"இது வரி ஏய்ப்புல்லா!" என்றார் தச்சர். இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொன்னதில்லை.

விலாக்களை அவர் பட்டறையில் ஒட்டுப்பலகையில் அறுத்தோம். இருபத்தொன்று. ஏராவில் காடி எடுத்துச் செருகியதும் மீன் முள் மாதிரி ஆயிற்று. அதை மடியில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு டவுன் பஸ் ஏறினேன். ஆண்டாள் கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்பும் கூட்டம், கையில் பால்கோவாப் பொட்டலம், நடுவில் நானும் முள்ளும். கண்டக்டர் குனிந்து பார்த்து, "தேரா?" என்றார். கப்பல் என்றேன். லக்கேஜ் போடவா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் போனார்.

பலகை போடும் வேலை வீட்டுத் திண்ணையில் நடந்தது. பாபின் நடுவில் துளை உள்ள உருளை. சுவர்க் கனம் அரை அங்குலம் இருந்தால் அதிகம். அதை நீளவாக்கில் பிளந்து, சின்ன ரம்பத்தில் முக்கால் நூல் அகலத்துக்குச் சீவினால் நல்ல துண்டு முக்கால் அடி நீளம் கிடைக்கும். குறையாகத் தோன்றும், ஆனால் நிஜப் படகிலும் மூக்கிலிருந்து வால் வரை ஒரே பலகை ஓடுவதில்லை. எஃகு விலாக்களின் மேல் மகாகனிப் பலகைகளை ஒட்டுச் சேர்த்துத்தான் அடித்தார்கள். முக்கால் அடித் துண்டு நிஜத்தில் 48 அடி. அது போதும். ஒவ்வொரு துண்டையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, வளைத்து, ஃபெவிகால் தடவி, துணிக் கிளிப்பால் பிடித்து, காயும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு துண்டு.

இந்த இடத்தில்தான் புத்தி கெட்டது. இடது பக்கம் கைக்கு வாகாக இருந்ததால் அந்தப் பக்கமே ஏழு வரி போட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் எடுத்துப் பார்த்தால் ஏரா ஒரு பக்கமாக வளைந்திருந்தது, பச்சை நாடான் பழம் மாதிரி. ஈரத்தில் விரிந்த பலகைகள் காயும்போது சுருங்கி முதுகெலும்பையே இழுத்துவிட்டன. தச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திட்டவில்லை. "தேருக்கு ஒரு பக்கம் மட்டும் கட்டை கொடுத்தா என்ன ஆகும் சார்?" என்று மட்டும் கேட்டார். ஏழு வரியையும் வெந்நீர்த் துணி போட்டு இளக்கிப் பிய்த்தேன். அதில் இரண்டு விலா ஒடிந்தது. மறுபடி ஆரம்பித்தபோது இடது ஒன்று, வலது ஒன்று. மூன்றரை மாதம் ஆயிற்று.

பிறகு பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி பட்டி பார்த்து, கடைசியில் பச்சைப் பெயிண்ட். நாலு மாதம் தேய்த்துப் பார்த்த மஞ்சள் மரம் ஒரு சாயங்காலத்தில் காணாமல் போனது. மேல்தளத்தில் மட்டும் அதை வெறும் வார்னிஷோடு விட்டேன். பாபினில் இருந்த மஞ்சள் இன்றைக்கும் அங்கே தெரிகிறது.

பச்சை, அயர்லாந்தின் பச்சை. படகுக்குச் சொந்தக்காரர் தாமஸ் லிப்டன். 1848இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், அப்பா அம்மா அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மளிகைக்கடைப் பையன் கடை வைத்தார், கடை பல ஊர்களில் பெருகியது. 1890இல் இலங்கைக்குப் போனார். அங்கே காப்பித் தோட்டங்களை இலை நோய் தின்று தீர்த்திருந்தது. நிலம் மலிந்து கிடந்தது. அப்புத்தளைப் பக்கம் தம்பதென்ன உட்படப் பல தோட்டங்களை வளைத்துப் போட்டார். தேயிலையை ஏலக்காரர், தரகர் கை படாமல் சின்னச் சின்னப் பொட்டலமாக்கித் தன் கடையிலேயே விற்றார். அந்த விளம்பரங்களில் கூடையோடு ஒரு பெண் நிற்பாள். சேலைக் கட்டும் மூக்குத்தியும் பார்த்தால் எந்தச் சீமைக்காரிக்கும் புரியாவிட்டாலும் நமக்குப் புரியும், அவள் எந்த ஊர்ப் பெண் என்று.

தேயிலைப் பணம்தான் படகாயிற்று. அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் பந்தயக் கோப்பைக்கு 1899, 1901, 1903, 1920, 1930 என்று ஐந்து முறை மோதினார். ஐந்து முறையும் சேர்த்து ஜெயித்த ஓட்டங்கள் இரண்டே இரண்டு, இரண்டும் 1920இல். அந்த வருஷம் முதல் இரண்டையும் வென்று, இன்னும் ஒன்று வென்றால் போதும் என்ற நிலையில் அடுத்த மூன்றையும் விட்டார். கடைசித் தடவை நியூபோர்ட் கடலில் எதிரில் வந்தது எண்டர்பிரைஸ். ஷாம்ராக்கின் பாய்மரம் உள்ளே குடைந்த ஸ்ப்ரூஸ் மரம், எண்டர்பிரைஸுக்கோ எடை குறைந்த துராலுமின் உலோகம். நாலுக்குப் பூஜ்யம். அமெரிக்கர்கள் இவர் தோற்ற அழகுக்காக ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். மளிகைக்கடைக்காரர் என்று இங்கிலாந்தின் பெரிய படகுச் சங்கம் இவரை உள்ளே விடாமல் வைத்திருந்தது, அதனால் ஐந்து முறையும் அயர்லாந்துச் சங்கம் ஒன்றின் பெயரில்தான் போட்டியிட்டார். பெரிய சங்கம் ஒருவழியாக 1931இல் சேர்த்துக்கொண்டது, அந்த அக்டோபரில் அவர் போய்விட்டார்.

ஜெயித்த எண்டர்பிரைஸை 1935இல் உடைத்துப் பழைய உலோகமாக்கிவிட்டார்கள். தோற்ற ஷாம்ராக் 5 இன்னும் மிதக்கிறது. கை மாறிக் கை மாறி, நடுவில் இத்தாலிக்காரர் ஒருவரிடம் வேறு பெயரில் ஓடி, 1986இல் லிப்டன் கம்பெனியே வாங்கி நியூபோர்ட்டின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, பிறகு மறுபடி கடலுக்கு வந்தது. அந்தக் காலத்து ஜே வகுப்புப் படகுகளில் இப்போது மிஞ்சியவை மூன்றுதான்.

எண்டர்பிரைஸை வரைந்த ஸ்டார்லிங் பர்ஜஸ் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் போக மனமில்லை. அவர் பின்னாளில் வில்லியம் ராபின்சன் என்ற மாலுமிக்கு ஒரு பாய்க்கப்பல் வடிவமைத்தார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வாங்கி, தமிழ் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறை வரை 1938இல் கொண்டுவரச் செய்தாரே, அந்த ராபின்சன்தான். பந்தயப் படகை விட்டுவிட்டு அதைச் செய்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். வங்கும் ஏராவும் அதற்குத்தான் பொருந்தும். பாபின் இன்னும் ஒரு கிலோ மிச்சம் இருக்கிறது.

பாய்மரத்தை இழுத்துக் கட்ட, மோட்டார் காயில் கட்டும் கடையில் மிச்சச் செம்புக் கம்பி வாங்கி, இரண்டிரண்டாக முறுக்கி வடம் போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஒரு வாரத்தில் தொய்ந்து, மரம் பின்பக்கம் சாய்ந்துவிட்டது. செம்பு இழுத்தால் நீளும், பள்ளிப் பையனுக்கும் தெரியும். மதுரையில் கிட்டார்த் தந்தி வாங்கி மாற்றினேன். சுண்டினால் இன்றைக்கும் ஒரு சுரம் கொடுக்கிறது.

இனிப் பாய். நிஜப் பாய்களுக்கு அந்தக் காலத்தில் எகிப்துப் பஞ்சு. நீள இழைப் பஞ்சு எங்கள் ஊர் மில்களுக்குப் புதிதில்லை, 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய ஊர், மெல்லிய நம்பர் ஓட்டிப் பேர் வாங்கிய ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி தட்டும் சத்தம் கேட்காத தெரு இருக்காது, அங்கே நெய்வது ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. துணிக்கு என்ன பஞ்சம் என்றுதான் நினைத்தேன். கட்டுத்துணியை ஏற்றிப் பார்த்தால் காற்று அதற்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். வேட்டித் துண்டைப் போட்டால் படகுக்குச் சாக்கு மாட்டிய மாதிரி இருந்தது. அப்போதுதான் என் தொழிலே எனக்குப் பாடம் சொன்னது. மரத்தை அறுபத்து நாலில் ஒன்றாகச் சீவலாம். பஞ்சு இழையை அப்படிச் சுருக்க யாராலும் முடியாது. நூறாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் நூறு, 84,000 கெஜம். ஒரு பவுண்டை இழுத்துக்கொண்டே போனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரையைத் தொடலாம். அவ்வளவு மெல்லிய நூலும் மாடலில் கயிறு மாதிரித்தான் தெரிந்தது. பழைய சிநேகிதர் ஒருவர் நூற்றிருபதாம் நம்பரில் நெய்த கைக்குட்டைத் துணி ஒரு மீட்டர் கொடுத்தார். ஏதோ ஒப்பேறியது.

ஆனால் வெளேரென்று இருந்தது. பாய் என்றால் வெயிலும் உப்பும் பட்ட ஒரு பழுப்பு வேண்டும். துணியைத் தேயிலைத் தண்ணீரில் முக்குவது மாடல் செய்பவர்களின் பழைய வித்தை. டஸ்ட் டீ நாலு கரண்டி போட்டுக் கொதிக்க வைத்தேன். வாசனை தெருவுக்குப் போயிற்று, சிலோன் பாட்டி வந்துவிட்டார்.

எங்கள் தெருவில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதென்று முடிவாயிற்றே, அந்தக் கணக்கில் வந்தவர்களில் ஒருவர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே ஒரு மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு சட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, சாயத்தண்ணியில துணியப் போட்டுருக்கீங்க?"

இலங்கை மலைநாட்டில் பாலில்லாத தேநீர் சாயத்தண்ணி. இங்கே சாயம் என்றால் துணிக்குப் போடுவது. அன்றைக்கு இரண்டும் ஒன்றாகிப் போயிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவர் கரண்டியை வாங்கிவிட்டார். கொதிக்கும்போது துணியைப் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், இறக்கி வடிகட்டிச் சூடு ஆறின பிறகு போடு என்றார். ஒரு சிட்டிகை உப்பும் போட்டார். சொன்னபடி செய்தேன். முக்கால் மணி நேரத்தில் துணி எடுத்தோம், பழைய கல்யாணப் பத்திரிகை நிறம். கொடியில் தொங்கவிட்டுவிட்டு மிச்சச் சாயத்தண்ணியில் கருப்பட்டி போட்டு இருவரும் குடித்தோம்.

படகைப் பற்றிச் சொன்னேன். லிப்டன் பெயர் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் பிறந்ததே அப்புத்தளைப் பக்கம்தான், பக்கத்துத் தோட்டம். "லிப்டன் தொர ஒக்காந்து பாக்குற எடம்னு மலை உச்சியில ஒண்ணு இருக்கு. நாங்க ஒக்காந்ததில்ல" என்றார். பிறகு மூன்று விரலால் காற்றில் எதையோ கிள்ளிக் காட்டினார். இரண்டு இலை, ஒரு மொட்டு. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் கூப்பிட்டுப் பேர் கொடுப்பார்கள். கொழுந்து நிறுக்கும்போது சொன்ன ராத்தல் குறைந்தால் அரைப்பேர். அன்றைய கூலியில் பாதிதான். கங்காணி, கணக்கப்பிள்ளை, தொரை. மழையில் அட்டைக்குக் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொள்வது. மில்லுக்கு வந்த பிறகு அட்டை இல்லை என்பதுதான் முதல் சந்தோஷம் என்றார். அவருடைய தாத்தா இந்தப் பக்கத்து ஊரிலிருந்துதான் கங்காணி பின்னால் போனாராம். எந்த ஊர் என்று மட்டும் தெரியவில்லை.

அவர் படகைத் தூக்கிப் பார்க்கவில்லை. மேஜையோடு குனிந்து, கையை விரித்து மூக்கிலிருந்து வால் வரை சாண் போட்டார். இரண்டரைச் சாண். "நெசத்துல எம்புட்டு?" 120 அடி என்றேன்.

"லயம் அம்புட்டுத்தான இருக்கும்."

எனக்குப் புரியவில்லை. அவர் கணக்குச் சொன்னார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை. அவர் பிறந்த லயத்தில் ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு காம்பரா. ஒரு காம்பரா பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். பன்னிரண்டு வீடு, நடுவில் பொதுச்சுவர், மேலே ஒரே தகரம். அவர் வீட்டில் ஏழு பேர்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையாகிவிடும். தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததும் கல்யாணப் பத்திரிகை அட்டையும் கத்தரிக்கோலும் எடுத்து உட்கார்ந்தேன். மாடல் செய்பவர்கள் அளவு புரிவதற்காகப் பக்கத்தில் ஒரு மனிதனை நிறுத்துவது வழக்கம். ஆறடி ஆள் இந்தக் கணக்கில் ஒன்பது நூல், சுண்டு விரலின் பாதி. ஆளுக்குப் பதிலாக ஒரு வரிசை லயம் செய்தேன். ஒரு காம்பரா 15 நூல் அகலம், 18 நூல் நீளம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. பன்னிரண்டு பெட்டியைப் பக்கவாட்டில் ஒட்டினால் 180 நூல். மேஜையில் படகுக்கு இணையாக வைத்தபோது மூக்கு ஒரு முனையிலும் வால் மறு முனையிலும் சரியாக நின்றது, முக்கால் நூல் கூடக் குறைய இல்லை. பாய்மரம் மட்டும் லயத்தின் கூரையை விடப் பல மடங்கு உயரத்தில், தேயிலைச் சாயத்தோடு.

படகு இப்போது வீட்டில் டிவிக்குப் பக்கத்தில், தச்சர் செய்து கொடுத்த கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்குக் கால் வைத்தபோது, தேர்க்காலில் வைப்பது மாதிரி ஒரு சின்ன யாளி செதுக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாமென்று மல்லுக்கட்டித் தடுத்தேன். ஈயம் ஊற்றி அடி கனமாக்கியிருக்கிறேன், தண்ணீர்த் தொட்டியில் ஒருமுறை விட்டும் பார்த்தாயிற்று. காற்றுக்கு மின்விசிறி. அழகாகச் சாய்ந்து, மூக்கும் வாலும் தண்ணீரில் படிந்தன, ஹெரஷாஃபின் சூத்திரத்தை ஏமாற்றியபடி. தெருப் பிள்ளைகள் கண்மாயில் விடச் சொல்லி நச்சரிக்கிறார்கள். கண்மாய் பெருகட்டும் பார்க்கலாம்.

லயத்தைச் சிலோன் பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்தார். ஏழாவதில் விரலை வைத்து அதுதான் எங்க வீடு என்றார். பிறகு முகம் மாறியது.

"இஸ்தோப்பு எங்க தம்பி?"

வீட்டுக்கு முன்னால் கூரை இறங்கி வரும் தாழ்வாரம், இஸ்தோப்பு. விறகு அடுக்குவது அங்கே, கிழவர்கள் படுப்பது அங்கே, பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் உட்காருவதும் அங்கே. அது இல்லாமல் எப்படி லயம் ஆகும் என்று கேட்டார். நாலடி அகலம் இருக்கும் என்றார். சரியாக ஆறு நூல்.

அட்டை அதற்குத் தாங்காது, தொய்ந்துவிடும். மிச்சம் இருந்த பாபின் ஒன்றை எடுத்து, திண்ணையில் வைத்துப் பிளந்துகொண்டிருக்கிறேன்.